ஜப்பானில் ஆங்கில வாத்தியார் வேலை: ழகரம் கைகொடுக்கும் வகுப்பறை

ஜப்பானின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகும் வெளிநாட்டவருக்கு ‘ஏ.எல்.டி.’ என்று பெயர். துணை மொழி ஆசிரியர் என்று பொருள். பாடத்துக்குப் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியர்தான். மதிப்பெண் போடுவதும் பெற்றோரைச் சந்திப்பதும் அவர் வேலை. ஏ.எல்.டி. அவரோடு சேர்ந்து வகுப்பில் நிற்பவர். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரங்களில் சிரித்த முகத்தோடு பிள்ளைகள் சூழ்ந்த வகுப்பறைப் படம் இருக்கும். வகுப்பறை ஒரு நாளில் மூன்று, நான்கு மணி நேரம். மீதி நேரத்தையும், பள்ளி விட்டு வந்தபின் இருக்கும் வீட்டையும், அந்த வீட்டின் ஜனவரி மாதத்தையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆங்கிலம் நன்றாக வந்தால் போதும் என்று நம்பிப் போகிறவர்கள்தான் முதல் குளிர்காலத்திலேயே திணறிப்போகிறார்கள். தமிழ் பேசுகிறவருக்கு அங்கே ஒரு கூடுதல் பலம் உண்டு. அது ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே போகும் வழி

முக்கியமான வழி இரண்டு. ஒன்று, ஜப்பான் அரசும் உள்ளாட்சிகளும் சேர்ந்து நடத்தும் ‘ஜெட்’ திட்டம். 1987இல் தொடங்கியது. பட்டப்படிப்பு வேண்டும். விண்ணப்பம் ஜப்பான் தூதரகம் வழியாக இலையுதிர் காலத்தில் போகும், ஆண்டுத் தொடக்கத்தில் நேர்முகம், ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ விமானம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு, நீட்டித்தால் ஐந்தாண்டு வரை. 2025இல் சம்பளத்தைக் கூட்டினார்கள். முதலாண்டுக்கு 40 லட்சத்து 20 ஆயிரம் யென், அதாவது மாதம் 3 லட்சத்து 35 ஆயிரம். பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். ஓய்வூதியப் பிடித்தம் மட்டுமே 9.15 சதவீதம்.

இரண்டாவது, நகராட்சியின் கல்வி வாரியத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள். வேலை அதேதான், சம்பளம் குறைவு. இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரிகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒன்று, பள்ளி விடுமுறையான ஆகஸ்டிலும், குளிர்கால விடுமுறையிலும், மார்ச் கடைசியிலும் முழுச் சம்பளம் உண்டா என்பது. பல ஒப்பந்தங்களில் கிடையாது. மற்றொன்று, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள் என்பது. 29.5 என்று இருந்தால் அது தற்செயலான எண் இல்லை. முழுநேர ஊழியரின் நேரத்தில் முக்கால் பங்கு வேலை செய்கிறவரை நிறுவனம் தன் பங்கையும் கட்டிச் சமூகக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலகி நிற்கப் போட்ட எண் அது. 2024 அக்டோபரிலிருந்து 51 ஊழியராவது உள்ள நிறுவனங்கள் வாரம் 20 மணி நேரம் வேலை செய்கிறவரையும் பொதுவாகச் சேர்க்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனமானால் தேசிய மருத்துவக் காப்பீட்டையும் தேசிய ஓய்வூதியத்தையும் முழுதாக நாமே கட்ட வேண்டிவரும். முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் விசா. அரசுப் பள்ளியில் கற்பிக்க ‘கல்வி’ வகை விசா வேண்டும். மொழி கற்பிப்பவர் அந்த மொழியில் 12 ஆண்டுகளாவது படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கில வழி என்றால் சிக்கல் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் வழி, பிறகு ஆங்கில வழி, அதன்பின் நான்காண்டுப் பொறியியல் என்றால் கணக்கு 7+4=11. ஓராண்டு உதைக்கிறது. இரண்டாண்டு முதுகலை சேர்ந்தால் தாண்டிவிடலாம். பயிற்றுமொழி ஆங்கிலம் என்று பள்ளித் தலைமையாசிரியரிடமும் கல்லூரியிலும் ஆண்டுகளைக் குறிப்பிட்டுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் சான்றிதழில் அந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு ஊரில் உள்ள பள்ளியிடம் கடிதம் கேட்டுப் பெறுவது லேசில் முடியாது.

பெயர் என்ற தலைவலி

குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டம் இல்லாத படிவமே ஜப்பானில் கிடையாது. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலி, அல்லது அப்பா பெயர் அதில் உட்கார்ந்திருக்கும். விமான நிலையத்தில் தரும் வசிப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அச்சாகும். நகராட்சி, வங்கி, கைபேசிக் கடை, ஓய்வூதிய அலுவலகம் எல்லாமே அந்த அட்டையைப் பார்த்து, பெயரை, வெளிநாட்டுச் சொற்களுக்கான கதகானா எழுத்தில் தங்களுக்குத் தோன்றியபடி எழுதிக்கொள்ளும். செந்தில்குமார் ஒரு இடத்தில் ‘செந்திருகுமாரு’, இன்னொரு இடத்தில் ‘சென்திருகுமாரு’ ஆவார். ஒரு எழுத்து மாறினாலும் சம்பளம் கணக்கில் ஏறாமல் திரும்பிவிடும்.

இதற்கு ஒரே வழி, முதல் நாளே கதகானாவில் ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, ஒரு சிறு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, எங்கே போனாலும் அதையே நீட்டுவது. பெயர் எந்த வரிசையில் வர வேண்டும், நடுவில் இடைவெளி உண்டா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளைகளுக்கு மூன்று அசைக்குள் அடங்கும் அழைப்புப் பெயர் ஒன்று தனியாக வேண்டும். ‘செந்தில் சென்செய்’ (செந்தில் ஆசிரியர்) என்று கூப்பிடப் பழகினால் அந்தப் பெயர் பள்ளியை விட்டுப் போகும்வரை மாறாது.

வீடு அமைந்த 14 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அது முடிந்தால்தான் மற்றதெல்லாம். வங்கிக் கணக்குக்குக் கைபேசி எண் கேட்பார்கள், கைபேசிக்கு வங்கிக் கணக்கு கேட்பார்கள். இந்தச் சுற்றை உடைக்க, கடன் அட்டையில் பணம் எடுத்துக்கொள்ளும் சிம் ஒன்றை முதலில் வாங்கிவிடலாம். வேலைக்கான ஒப்பந்த நகலை வங்கிக்குக் கொண்டுபோங்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவர்களுக்குக் கணக்கில் சில தடைகள் உண்டு. உள்நாட்டில் வேலை பார்ப்பவர் என்று காட்டும் காகிதம் இருந்தால் தடை இல்லாமல் திறக்க வழி பிறக்கும்.

வீடு

ஜெட் திட்டத்தில் கல்வி வாரியமே ஆசிரியர் குடியிருப்பு ஒன்றை ஏற்பாடு செய்துவிடுவது வழக்கம். வாடகையும் குறைவு. மற்றவர்கள் தனியார் வீடு பிடிக்கும்போது கையில் நான்கைந்து மாத வாடகை இருக்க வேண்டும். அட்வான்ஸ் ஒன்று அல்லது இரண்டு மாதம். அதற்குமேல் ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லித் தரும் பணம் ஒரு மாதம், இது திரும்பி வராது. புரோக்கர் கமிஷன் ஒரு மாதமும் வரியும். ஜாமீன் நிற்க ஆள் இல்லாததால் ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதமோ ஒரு மாதமோ. பிறகு தீக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. 50,000 யென் வாடகை வீட்டுக்குச் சாவி கைக்கு வருமுன் இரண்டு, இரண்டரை லட்சம் யென் கரைந்துவிடும். முதல் சம்பளமோ மாதக் கடைசியில்தான், சில ஏஜென்சிகளில் அடுத்த மாதக் கடைசியில்.

வீட்டைத் திறந்தால் நான்கு சுவர் இருக்கும். விளக்கு இருக்காது, திரைச்சீலை இருக்காது, கேஸ் அடுப்பு இருக்காது. கேஸ் இணைப்பு திறக்க ஆள் வரும்போது நாம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். அந்தச் சந்திப்பை ஒரு வாரம் முன்பே பேசி வைக்காவிட்டால் வெந்நீர் இல்லாமல் நாட்கள் போகும்.

குப்பைக்குத் தனி நாட்காட்டி உண்டு. எரியும் குப்பை வாரத்துக்கு இரண்டு நாள், பிளாஸ்டிக் ஒரு நாள், பாட்டிலும் டப்பாவும் மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள் என்று ஊருக்கு ஊர் மாறும். பெட் பாட்டிலின் மூடியையும் மேலே ஒட்டிய காகிதத்தையும் கழற்றி, அலசி, நசுக்கிப் போட வேண்டும். ஊர் விற்கும் பையில்தான் கட்ட வேண்டும். காலை 8 மணிக்குள் வைக்க வேண்டும், முந்தின இரவே வைத்தால் காக்கை கிழித்துவிடும். பிரித்தது சரியில்லை என்றால் பையின்மேல் ஒரு சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். சிறிய ஊரில் அது யார் வீட்டுப் பை என்று எல்லாருக்கும் தெரியும். வாத்தியார் என்ற பெயர் அந்தக் குப்பை மேட்டில் தொடங்கி எழும்புகிறது அல்லது சரிகிறது. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்.

ஆசிரியர் அறை

பள்ளி வாசலில் காலணி அலமாரி. வெளிச் செருப்பை அதில் வைத்துவிட்டு உள்காலணி போட்டுக்கொள்ள வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்கு இன்னொரு ஜோடி. இரண்டு மூன்று பள்ளிகளுக்குப் போகிறவர் பையிலேயே ஒரு ஜோடி வைத்துக்கொள்வார். கால் பெரியவர்கள் ஊரிலிருந்தே வாங்கிப் போவது நல்லது. 28 சென்டிமீட்டருக்கு மேல் சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது.

காலை எட்டேகாலுக்குள் ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். மேசைகளை எதிரெதிராக ஒட்டி, வகுப்புவாரியாகத் தீவு தீவாகப் போட்டிருப்பார்கள். எல்லாரையும் பார்க்கும்படி முன்னால் உட்கார்ந்திருப்பவர் துணைத் தலைமையாசிரியர், ‘கியோதோ சென்செய்’. விடுப்புச் சீட்டு, பேருந்து தாமதம், உடம்பு சரியில்லை எல்லாமே அவரிடம்தான். வந்தவுடன் ‘ஓஹாயோ கொசாய்மஸ்’ என்று அறைக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். கிளம்பும்போது ‘ஓசாகி நி ஷித்சுரேய் ஷிமஸ்’, அதாவது உங்களுக்கு முன்னால் கிளம்புகிறேன், மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்த இரண்டையும் விடாமல் சொல்கிற ஏ.எல்.டி.க்கு ஜப்பானிய மொழி அரைகுறையாக இருந்தாலும் அறையில் இடம் கிடைத்துவிடுகிறது. ஊருக்குப் போய் வந்தால் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே உறையிட்ட இனிப்பை ஒவ்வொரு மேசையிலும் வைப்பது வழக்கம். 30 பேர் என்றால் 30. மைசூர்பாகுப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தால் கை நீளாது. கடலை மிட்டாயும் உறை போட்டதாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு மட்டும் தின்பண்டம் எதுவும் கொடுக்கக் கூடாது. ஒவ்வாமைக்காகப் பள்ளிகள் இதில் மிகக் கண்டிப்பு.

மதிய உணவைப் பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுப் பரிமாறுவார்கள். ஒரு சாப்பாடு ஏறத்தாழ 300 யென், ஆசிரியர்கள் காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள். 200 மில்லி பால் தினமும் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே ஏமாந்துவிடக் கூடாது. காய்கறிக் கூட்டு என்று தெரிவதெல்லாம் ‘தாஷி’ என்ற மீன் சாற்றில் வெந்தது. ஜப்பானியக் குழம்புக் கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். சமையல் மையத்திலிருந்து ஊர் முழுக்கப் போகும் சாப்பாட்டில் ஒருவருக்காக மாற்றம் செய்ய முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளி உணவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு டப்பா கட்டிக்கொண்டு போய், பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் வழி. சாப்பிட்டபின் கால் மணி நேரம் துப்புரவு. பிள்ளைகள் துணியை மடித்துத் தரையில் குனிந்து தள்ளிக்கொண்டே ஓடுவார்கள். ஏ.எல்.டி. அதில் சேர்ந்துகொள்ளலாம், சேர வேண்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை துடைப்பம் பிடித்துக்கொண்டு பேசும்.

வகுப்பு

2020இலிருந்து தொடக்கப் பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பீரியட். 3, 4ஆம் வகுப்புகளுக்கு 35 பீரியட், மதிப்பெண் இல்லாத பேச்சுப் பயிற்சி. நடுநிலைப் பள்ளியில் 140. தொடக்கப் பள்ளி பீரியட் 45 நிமிடம், நடுநிலையில் 50.

இரண்டு ஆசிரியர் ஒரே வகுப்பில் நிற்கும்போது கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான். முன்கூட்டிப் பேச நேரமில்லை. ஜப்பானிய ஆசிரியர் பிள்ளைகளின் விளையாட்டுப் பயிற்சி, பெற்றோர், காகித வேலை என்று ஓடிக்கொண்டிருப்பார். மணி அடித்தபின் ‘இன்று ஏதாவது விளையாட்டு உண்டா?’ என்று கேட்பார். அல்லது ஏ.எல்.டி.யைப் பாடத்தை உரக்கப் படிக்க மட்டும் வைத்துவிடுவார். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரு ஏ5 தாளில் நான்கு கட்டம் போட்டு, இன்றைய வாக்கிய அமைப்பு, ஏ.எல்.டி. செய்வது, ஆசிரியர் செய்வது, நிமிடம் என்று நிரப்பி, முந்தின நாள் மாலை அவர் மேசையில் வைத்துவிட்டால் போதும். மறுநாள் காலை அதில் சிவப்பு மையில் இரண்டு திருத்தம் வரும். அந்தத் தாள்தான் சந்திப்பு.

35 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்டால் அமைதி. பதில் தெரியாததால் இல்லை, எல்லார் முன்னும் தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம். முதலில் பக்கத்துப் பிள்ளையோடு 30 நொடி பேசச் சொல்லிவிட்டுப் பிறகு கேட்டால் பதில் வரும். அட்டை விளையாட்டுக்கு நான்கைந்து பேர் குழு என்றால் எட்டுக் கட்டு வேண்டும். 16 சொல் என்றால் 128 அட்டை. லேமினேஷன் காகிதம் பள்ளி அலுவலகக் கணக்கில் வாங்குவது, கேட்டுவிட்டு எடுங்கள். தாள்கள் பி4 அளவில்தான் ஓடும். முப்பது பிரதிக்கு மேல் என்றால் அச்சு அறையில் உள்ள ரிசோகிராஃப் இயந்திரத்தில், குறைவானால் நகல் இயந்திரத்தில் எடுப்பது வழக்கம். ஐந்து பிரதிக்கு ரிசோ போட்டால் மாஸ்டர் தாள் வீணாகும், அடுத்து வருகிறவர் முகம் சுருங்கும்.

இனி எழுத்து. மூன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் ஜப்பானிய மொழிப் பாடத்தில் ரோமாஜி படித்துவிடுவார்கள், அதாவது ரோமன் எழுத்தில் ஜப்பானியச் சொற்கள். அதில் எல்லா எழுத்தும் ஒலிக்கும். அதனால் ‘சேம்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் ‘சமே’ என்று படிப்பார்கள். அவர்கள் மொழியில் சமே என்றால் சுறாமீன். ‘டேக்’கைப் பார்த்தால் ‘தகே’, மூங்கில். ‘மேக்’ அவர்களுக்கு ‘மகே’, தோல்வி. இது கவனக்குறைவு இல்லை, கற்ற விதி சரியாக வேலை செய்கிறது. கடைசியில் வரும் ‘இ’ (e) எழுத்து ஒலிக்காது, முன்னால் உள்ள உயிரைத் தன் பெயர் சொல்ல வைக்கும் என்று இந்த மூன்று சொல்லையும் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் சுறாவும் மூங்கிலும் வரைந்துவிட்டால் ஒரே பீரியடில் பிடித்துக்கொள்வார்கள்.

ஜப்பானிய மொழியில் ‘ர’வும் ‘ல’வும் ஒரே ஒலி. நாக்கு நுனி மேலண்ணத்தை ஒரே ஒரு முறை தட்டி இறங்கும், கிட்டத்தட்ட நம் ‘ர’ போல. ‘லைட்’டும் ‘ரைட்’டும் அவர்கள் காதுக்கு ஒன்று. இங்கே தமிழர் ஒரு தவறு செய்யக்கூடும். நம்மில் பலர் ஆங்கிலத்தின் ‘ஆர்’ எழுத்தையும் நம் ‘ர’வைப் போலவே தட்டிச் சொல்கிறோம். பிள்ளைக்கு அது தன் சொந்த எழுத்தாகவே கேட்கிறது, வித்தியாசம் புலப்படாது. பாடப்புத்தகத்தோடு வரும் ஒலிப்பதிவில் ஒலிப்பது அமெரிக்க ‘ஆர்’. நாக்கு எங்கும் தொடாமல் பின்னால் சுருளும். அந்த இடம் நமக்குப் பிறந்தது முதல் தெரியும். ழகரத்தின் இடம். ‘ரைட்’டை ழகரத்தில் தொடங்கி, உதட்டைக் கொஞ்சம் குவித்துச் சொல்லிப் பாருங்கள், ஒலிப்பதிவோடு ஒட்டிப்போகும்.

வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் முறை இதுதான். ‘எல்’லுக்கு நாக்கு நுனியைப் பல்லுக்குப் பின்னால் அழுத்தி அங்கேயே மூன்று நொடி நிறுத்தச் சொல்ல வேண்டும்: ‘ல்ல்ல்ல்’. ‘ஆர்’ருக்கு நாக்கு எதையும் தொடக் கூடாது. தொட்டால் அது ஜப்பானிய எழுத்து. பிறகு புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லைச் சொல்ல, ‘எல்’ கேட்டால் இடது கை, ‘ஆர்’ கேட்டால் வலது கை தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், பத்துச் சொல், அதற்கு மேல் வேண்டாம். காது பழகிய பிறகுதான் வாய்க்கு வர வேண்டும். பலர் முதல் நாளே திரும்பச் சொல்லச் சொல்லி, தவறைத் தவறோடு உறைய வைக்கிறார்கள். ‘திங்க்’ என்ற சொல்லில் மட்டும் நம் தமிழ் ‘த’ உதவாது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் காற்றை ஊத வேண்டும். நாமும் கண்ணாடி முன் பழகிக்கொண்டு போக வேண்டிய ஒலி அது.

வாக்கியத்துக்கு வருவோம். தமிழின் பலம் என்று முன்பே சொன்னது இதைத்தான். ‘நான் நேற்று பள்ளிக்குப் போனேன்.’ ஜப்பானிய மொழியில் ‘வதாஷி வா கினோ கக்கோ நி இகிமாஷ்த’. வதாஷி நான், கினோ நேற்று, கக்கோ பள்ளி, ‘நி’ நம்முடைய ‘கு’ உருபு, இகிமாஷ்த போனேன். சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பது ‘கினோ கத்த ஹோன்’. மூன்று சொல்லுக்கு மூன்று சொல். இரு மொழியிலும் வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால், பெயரெச்சம் பெயருக்கு முன்னால். ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு இரண்டு மொழிகளுக்கும் வம்ச உறவு உண்டு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. வகுப்பறைக்கு வம்சம் தேவையில்லை, அமைப்பு ஒன்றாக இருப்பதே போதும்.

நடுநிலை மூன்றாம் ஆண்டில் ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், பாதி வகுப்பு ‘நான் நேற்று வாங்கிய’ என்பதை முன்னால் வைத்துப் புத்தகத்தைக் கடைசியில் எழுதும். இங்கிலாந்திலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த ஆசிரியருக்கு அது ஏன் என்று புரியவே நாளாகும். நமக்குப் பார்த்தவுடன் தெரியும், நாமும் அதே மதிலைத் தாண்டி வந்தவர்கள். ‘புத்தகம்’ என்று முதலில் எழுதிவிடு, பிறகு ‘எந்தப் புத்தகம்?’ என்று உன்னையே கேள், பதிலை வலப்பக்கம் எழுது. இதைக் கரும்பலகையில் ஒரு அம்புக்குறியால் காட்டலாம். ‘உனக்குப் பிடிக்காதா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் ‘ஆமாம்’ என்று பதில் வருவதும் இப்படித்தான். ‘ஆமா, பிடிக்காது’ என்கிற நம் வழக்கே அவர்களுடைய ‘ஹாய்’ (ஆமாம்). ஆங்கிலத்தில் ஆமாம், இல்லை என்பது கேள்வியைப் பொறுத்ததல்ல, சொல்லவரும் உண்மையைப் பொறுத்தது என்பதை இரண்டு மொழியிலும் தடுமாறிய ஒருவர் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெம்பு வருகிறது. இலக்கணத்தை ஜப்பானிய ஆசிரியர் நடத்துவார். ஆனால் பிழை எங்கிருந்து முளைக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பேசக்கூடிய துணை ஆசிரியர் கிடைத்தால் அவர் விடமாட்டார்.

குளிர்காலம்

வடக்குத் தீவான ஹொக்கைடோவை விட்டால் பெரும்பாலான பழைய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு இல்லை. சுவர் மெல்லியது, ஜன்னல் ஒற்றைக் கண்ணாடி. மண்ணெண்ணெய் ஹீட்டர்தான் மலிவான துணை. 18 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பங்கில் வாங்கி வருவார்கள். காற்றை ஊதும் வகை ஹீட்டர் மூன்று மணி நேரத்தில் தானாக நின்றுவிடும். அதை இரவு முழுக்க ஓடவிட வழி தேடக் கூடாது. மணிக்கு ஒன்றிரண்டு முறை ஜன்னலைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும், இல்லையேல் கார்பன் மோனாக்சைடு சேரும். எண்ணெய் ஊற்றுமுன் கட்டாயம் அணைக்க வேண்டும். டாங்க் மூடி சரியாக இறுகியதா என்று தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வையுங்கள்.

நம் ஊரிலிருந்து போகிறவருக்குச் சற்றும் பழக்கமில்லாதது குழாய் உறைவது. வெப்பநிலை மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போகும் என்று சொன்ன இரவில், குளிர்ப் பகுதிகளில் ‘மிசு நுகி’ செய்வார்கள், குழாயிலிருந்து தண்ணீரை வடிப்பது. வீட்டில் இதற்கென ஒரு வால்வு இருக்கும். சமையலறைத் தரையிலோ குளியலறைச் சுவரிலோ கைப்பிடியோடு இருக்கும், குடிவந்த அன்றே வீட்டுக்காரரிடம் இடத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வால்வை வடிக்கும் பக்கம் திருப்பிவிட்டு, வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும், வெந்நீர்ப் பக்கத்தையும் சேர்த்துத் திறக்க வேண்டும். காற்றை உறிஞ்சும் ஓசை கேட்டால் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். ஒரு குழாயை மூடி வைத்திருந்தால் அந்தக் கிளையில் தண்ணீர் தங்கி அங்கேதான் வெடிக்கும். கழிவறைத் தொட்டியையும் மறக்கக் கூடாது. காலையில் குழாய்களை மூடிவிட்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். உறைந்தே போய்விட்டால் குழாயில் துண்டைச் சுற்றி வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். கொதிக்கும் நீரை ஊற்றினால் குழாய் பிளந்துவிடும், செலவு நம் தலையில்.

ஐந்து டிகிரிச் சமையலறையில் இட்லி மாவு இரண்டு நாள் வைத்தாலும் பொங்காது. ஜப்பானிய மைக்ரோவேவ் அவன்களில் ரொட்டி மாவுக்காக ‘ஹக்கோ’ என்ற புளிக்கவைக்கும் பொத்தான் இருப்பதுண்டு. 30 முதல் 40 டிகிரி வரை வைக்கலாம். வாங்கும்போது அந்தப் பொத்தானைப் பார்த்து வாங்குங்கள். உளுந்து டோக்கியோ நிஷி கசாய் பக்கத்து இந்தியக் கடைகளிலிருந்து கூரியரில் எந்தக் கிராமத்துக்கும் வந்துவிடும்.

வண்டியும் வரியும்

கிராமத்துப் பள்ளிக்கு வண்டி இல்லாமல் முடியாது. 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் உரிமம் ஜப்பானில் ஓராண்டு செல்லும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அது ஒரு நிம்மதி. ஓராண்டு முடிந்ததும் ஊருக்கு ஒரு வாரம் போய்ப் புது உரிமம் வாங்கி வந்தால் செல்லாது. மூன்று மாதத்துக்குக் குறைவாக வெளியே இருந்தால் பழைய கணக்கே தொடரும். ஆகையால் வந்த ஆறாம் மாதமே ஜப்பானிய உரிமத்துக்கு மாற்றும் வேலையைத் தொடங்க வேண்டும். இந்திய உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் உண்டு. பத்தாண்டு ஓட்டியவர்களும் அதில் தோற்பது, நன்றாக ஓட்டத் தெரியாமல் இல்லை. திரும்புமுன் தலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்காதது, ‘தொமாரே’ (நில்) பலகையில் சக்கரம் முழுவதுமாக நிற்காதது, இடப்பக்கம் திரும்பும்போது ஓரத்தை ஒட்டாதது, இவ்வளவுதான். தலை திரும்பியது தேர்வாளர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வரியில் இரண்டு இடம். ‘ஜூமின்சேய்’ என்ற உள்ளாட்சி வரி முந்தின ஆண்டு வருமானத்தின்மேல் ஏறத்தாழ 10 சதவீதம். முதலாண்டு வராது, இரண்டாம் ஆண்டு ஜூனில் தொடங்கும், சம்பளம் திடீரென்று குறைந்ததுபோல் தெரியும். இரண்டாவது, பெற்றோரைச் சார்ந்தவர்களாகக் காட்டி வரி குறைப்பது. 2023இலிருந்து வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயது வரையுள்ள உறவினருக்கு ஆண்டுக்கு 3 லட்சத்து 80 ஆயிரம் யென்னாவது அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் ஆள்வாரியாக. அப்பா கணக்குக்கு மொத்தமாக அனுப்பி, அதில் அம்மாவுக்கும் சேர்த்து என்றால் ஏற்க மாட்டார்கள். இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி ரசீது. எழுபது தாண்டியவர்களுக்குத் தொகை வரம்பு இல்லை, அனுப்பிய ரசீது மட்டும் வேண்டும்.

திரும்பி வரும்போது ஓய்வூதியத்தில் கட்டியதன் ஒரு பகுதியை மொத்தமாகத் திரும்பக் கேட்கலாம். நாட்டை விட்ட இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், 60 மாதம் வரைதான் கணக்கு. தரும்போதே 20.42 சதவீதம் வரி பிடிப்பார்கள். ஜப்பானில் ஒருவரை வரிப் பிரதிநிதியாக எழுதி வைத்துவிட்டு வந்தால் அதையும் மீட்கலாம். ஜனவரி 1க்குப் பிறகு கிளம்புகிறவருக்கு ஜூனில் வரும் உள்ளாட்சி வரிச் சீட்டும் அந்தப் பிரதிநிதியிடமே போகும். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் 2016 அக்டோபரிலிருந்து சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் நடப்பில் உள்ளது, இரு நாட்டு ஆண்டுகளையும் சேர்த்து எண்ணலாம். மொத்தமாகப் பணம் வாங்கிவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்துவிடும். மறுபடி ஜப்பானில் வேலை பார்க்கும் எண்ணம் இருப்பவர் யோசித்துவிட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

வீட்டைக் காலி செய்யும்போது குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், டிவி, ஏசி நான்கையும் பெரிய குப்பையாகக் கூட எடுக்க மாட்டார்கள். மறுசுழற்சிச் சட்டப்படி கட்டணம் கட்டிக் கடை வழியாகவோ அனுமதி பெற்றவர் வழியாகவோ கொடுக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஊரே வீடு மாறுவதால் பிப்ரவரியிலேயே தேதி கேளுங்கள். அடுத்து வரும் ஏ.எல்.டி. வாங்கிக்கொள்வார் என்றால் விலையை எழுதி, படத்தோடு கல்வி வாரியத்திடம் கொடுத்துவிடலாம். அதோடு அட்டைக் கட்டுகள், எந்த வகுப்பு எந்தப் பாடம் வரை வந்திருக்கிறது என்ற தாள், மிசு நுகி வால்வு இருக்கும் இடத்தின் படம் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்துவிடுங்கள். கேனில் மிச்சமுள்ள மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், வாங்கிய பெட்ரோல் பங்கிலேயே எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.